இரண்டு ஆண்டு போதும் என்ற காலம்: அவோயாமாவில் ஒரு மகளிர் கல்லூரி மூடிய கதை

ஜப்பானில் இரண்டாண்டுக் கல்லூரிக்குச் சட்டத்தில் உள்ள பெயர் 'தங்கி தைகாகு'. குறுகிய காலப் பல்கலைக்கழகம் என்று பொருள். பேச்சில் அவ்வளவு நீளமாக யாரும் சொல்வதில்லை. இரண்டு சொற்களின் தலையையும் ஒட்டிச் சுருக்கிவிடுவார்கள். அந்தச் சுருக்கம் நம் காதில் அச்சு அசலாகத் 'தந்தை' என்றே விழும். பத்தில் ஒன்பது மாணவர் பெண்களாக இருந்த ஒரு நிறுவனத்துக்கு இப்படி ஒரு பெயர் வாய்த்திருப்பது தமிழருக்கு மட்டும் கிடைக்கும் வேடிக்கை.

அந்தத் 'தந்தை'களில் மிகப் பெயர்பெற்ற ஒன்று தோக்கியோவின் ஷிபுயா பகுதியில் இருந்தது. அவோயாமா காகுயின் மகளிர் ஜூனியர் கல்லூரி. 1950இல் தொடங்கியது. 2018 ஏப்ரலில் கடைசியாகப் புது மாணவியரைச் சேர்த்தது. 2022 மார்ச் 31 அன்று முறைப்படி மூடப்பட்டது. போக்குவரத்து இல்லாத மலையூரில் ஆளில்லாமல் கிடந்த கல்லூரி அல்ல இது. ஷிபுயா ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். வாசலுக்கு எதிரே நாட்டின் விலையுயர்ந்த கடைத்தெருக்களில் ஒன்று. கல்லூரியின் பெயரைச் சொன்னால் எந்த வங்கியின் ஆளெடுப்பு அதிகாரியும் நிமிர்ந்து உட்கார்ந்த காலம் உண்டு. அப்படிப்பட்ட இடம் ஏன் மூடியது?

யாரைக் கேட்டாலும் உடனே வரும் பதில், 'ஜப்பானில் பிள்ளைகளே பிறப்பதில்லையே' என்பது. அது பொய் அல்ல. ஆனால் அந்தப் பதிலோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான் கையில் இருக்கும். ஜப்பானில் 18 வயதினரின் எண்ணிக்கை 1992இல் சுமார் 20.5 லட்சமாக இருந்தது. முப்பது ஆண்டுகளில் அது 11 லட்சம் அளவுக்கு வந்துவிட்டது. ஏறக்குறைய பாதி. அதே காலத்தில் ஜூனியர் கல்லூரி மாணவர் எண்ணிக்கை என்ன ஆனது? 1993இல் சுமார் 5.3 லட்சம். 2024இல் 78,000 அளவில். இது பாதி அல்ல, ஏழில் ஒரு பங்கு. இன்னும் விந்தை, நான்காண்டுப் பல்கலைக்கழகங்களின் மாணவர் எண்ணிக்கை இதே முப்பது ஆண்டுகளில் 23 லட்சம் அளவிலிருந்து 29 லட்சத்தைத் தாண்டியது. பிள்ளைகள் குறைந்ததுதான் முழுக் காரணம் என்றால் இந்தக் கணக்கு இடிக்கிறது. பிள்ளைகள் குறைந்தார்கள். அதைவிட வேகமாக, இருந்த பிள்ளைகள் வேறு வாசலுக்குப் போனார்கள்.

எந்த வாசல், ஏன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1874 அக்டோபரில் டோரா ஸ்கூன்மேக்கர் என்ற இளம் அமெரிக்கப் பெண் ஜப்பானில் வந்து இறங்கினார். அவரை அனுப்பியது மெதடிஸ்ட் எபிஸ்கோபல் திருச்சபையின் பெண்கள் தாங்களாகவே 1869இல் பாஸ்டனில் தொடங்கிய மிஷனரிச் சங்கம். அந்தச் சங்கம் முதலில் ஆள் அனுப்பியது ஜப்பானுக்கு அல்ல, இந்தியாவுக்கு. லக்னோவில் பெண்கள் பள்ளி தொடங்கிய இசபெல்லா தோபர்னும், பரேலியில் மருத்துவம் பார்த்த கிளாரா ஸ்வைனும் அதன் முதல் அனுப்புகைகள். ஆக, லக்னோவின் இசபெல்லா தோபர்ன் கல்லூரிக்கும் ஷிபுயாவின் இந்தக் கல்லூரிக்கும் தாய்வீடு ஒன்றே. ஸ்கூன்மேக்கர் வந்த மறுமாதமே தோக்கியோவின் அசாபு பகுதியில் சிறுமியருக்கான ஒரு பள்ளியைத் தொடங்கிவிட்டார். அதற்குக் கைகொடுத்தவர் வேளாண் அறிஞர் ட்சுதா சென். பெண் கல்விக்காகப் பின்னாளில் பெயர்பெற்ற ட்சுதா உமேகோவின் தகப்பனார். பள்ளி 1877இல் ட்சுகிஜிக்கு இடம் மாறியது, பிறகு அவோயாமாவுக்கு வந்தது, 1895இல் அவோயாமா ஜோகாகுயின் என்று பெயர் பெற்றது. 1923 நிலநடுக்கம் கட்டடங்களை உலுக்கிப் போட்டது. 1927இல் பக்கத்திலேயே இருந்த ஆண்கள் கல்வி நிறுவனத்தோடு இணைந்தது. ஸ்கூன்மேக்கர் இதில் எதையும் அங்கிருந்து பார்க்கவில்லை. ஐந்தே ஆண்டுகளில், 1879இல், நாடு திரும்பிவிட்டார்.

இனி 'தந்தை' பிறந்த கதை. போருக்குப் பிறகு அமெரிக்க ஆக்கிரமிப்பின் கீழ் ஜப்பான் தன் கல்வி முறையை 6-3-3-4 என்று மாற்றியது: தொடக்கப் பள்ளி ஆறு, நடுநிலை மூன்று, மேல்நிலை மூன்று, பல்கலைக்கழகம் நான்கு ஆண்டு. பழைய தொழிற்கல்லூரிகள், மகளிர் உயர்கல்விக் கூடங்கள் எல்லாம் ஒரே இரவில் நான்காண்டுப் பல்கலைக்கழகமாக உயரவேண்டிய நிலை. பலவற்றுக்குக் கட்டடம் இல்லை, நூலகம் இல்லை, ஆசிரியர்கள் போதவில்லை. அந்தத் தகுதியை எட்டாதவற்றை என்ன செய்வது என்ற கேள்விக்குக் கண்ட ஒட்டுவேலைதான் ஜூனியர் கல்லூரி. 'தற்காலிகமாக' என்ற சொல்லோடுதான் அது சட்டத்தில் நுழைந்தது. 1950இல் முதல் தொகுதியாக 149 கல்லூரிகள் திறந்தன. அவற்றில் 132 தனியாருடையவை. அவோயாமாவின் மகளிர் பிரிவும் அந்தக் கூட்டத்தில் ஒன்று.

அப்போது இவை பெண்களுக்கான இடமாக எண்ணப்படவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதல் ஆண்டில் மாணவரில் பெண்கள் நாற்பது சதவீதத்துக்கும் குறைவு. பகலில் வேலை பார்த்துவிட்டு இரவில் சட்டமும் வணிகமும் படித்த ஆண்களே அதிகம். 1950களின் நடுவில் தராசு சாய்ந்தது, பிறகு நிமிரவே இல்லை. 1964இல் 'தற்காலிகம்' என்ற ஒட்டைக் கிழித்து நிரந்தர அமைப்பாக்கியபோது, அது மகளுக்கு ஏற்ற படிப்பு என்று பெற்றோர் மனத்தில் ஏற்கனவே உறைந்திருந்தது. பல்கலைக்கழகத்தில் பெண்கள் பெருகினால் நாடு கெட்டுவிடும், படித்துவிட்டு அவர்கள் மணம்செய்து வீட்டில் அடங்குவார்கள், இடம்தான் வீண் என்று பேராசிரியர்களே 1962இல் பத்திரிகைகளில் எழுதிய காலம் அது. அந்த வாதத்தை எதிர்த்து மகளை நான்காண்டுக்கு அனுப்புவதைவிட, யாருக்கும் உறுத்தாத இரண்டாண்டுக்கு அனுப்புவது வீட்டுக்கும் எளிது, ஊருக்கும் எளிது.

கம்பெனிகளுக்கோ அது எளிது மட்டுமல்ல, மிக வசதியும்கூட. இந்த வசதி எப்படி வேலை செய்தது என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். 18 வயதில் ஏப்ரலில் சேரும் பெண், 62 மதிப்பலகு (கிரெடிட்) எடுத்தால் பட்டயம். நான்காண்டுக்கு 124. இரண்டாம் ஆண்டு நடக்கும்போதே நேர்காணல் முடிந்துவிடும். 20 வயதில் வங்கியிலோ வணிக நிறுவனத்திலோ சீருடை அணிந்து உட்காருவாள். ரசீது எழுதுவது, கணக்கு ஏற்றுவது, நகல் எடுப்பது, காலையில் துறையிலுள்ள ஒவ்வொருவருக்கும் அவரவர் கோப்பையில் தேநீர் கொடுப்பது. எந்தக் கோப்பை யாருடையது என்பதை முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்தாகவேண்டும். பெற்றோர் வீட்டிலிருந்து வந்துபோகும் பெண்ணா என்று நிறுவனங்கள் பார்த்தன. விடுதிச் செலவு இல்லை, 'குடும்பப் பாங்கான' பெண் என்ற உத்தரவாதமும் கிடைக்கிறது. நான்கைந்து ஆண்டுகளில் கல்யாணம், அதோடு வேலையிலிருந்து விலகல். அப்படி விலகுவதற்கு 'மங்கல விலகல்' என்று பொருள்படும் 'கொத்தோபுக்கி தைஷா' என்ற தனிச்சொல்லே உண்டு. 25 வயதைக் கடந்த பெண்ணை, டிசம்பர் 25க்குப் பிறகு விலைபோகாத கிறிஸ்துமஸ் கேக்கோடு ஒப்பிடும் கேலியும் அலுவலகங்களில் புழங்கியது.

இந்தக் கணக்கில் நான்காண்டு படித்த பெண்தான் நஷ்டம். அவள் 22 வயதில் வருகிறாள், ஓரிரு ஆண்டில் போய்விடுவாள் என்று நிறுவனம் கருதியது. ஆகவே 1970களிலும் 80களிலும் ஒரு பெண் அதிகம் படிக்கப் படிக்க நல்ல நிறுவனத்தில் வேலை கிடைப்பது கடினமாயிற்று. படிப்பைக் குறைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம் என்று மதிப்பெண்ணில் முன்னணியில் இருந்த மாணவிகளும் முடிவெடுத்த விசித்திரம் இதனால்தான். அவோயாமாவைப் போன்ற கல்லூரிகளுக்கு அந்தக் காலத்தில் இருந்த போட்டியைப் பல பல்கலைக்கழகங்கள் பொறாமையோடு பார்த்திருக்கும். ஆங்கிலம், ஜப்பானிய இலக்கியம், மனையியல், பொதுக்கல்வி, குழந்தைக் கல்வி, கலை என்று துறைகள் விரிந்தன. அக்கல்லூரியை 'அவோத்தன்' என்று செல்லமாகச் சுருக்கி அழைத்தார்கள். அந்தச் சொல்லுக்கே ஒரு நாகரிக மினுக்கு இருந்தது.

அந்த மினுக்குக்கு ஒரு விசித்திரமான துணையும் இருந்தது, ஒரு தொழிற்சாலைச் சட்டம். பெருநகரங்கள் பிதுங்கி வழிவதைத் தடுக்க 1959இல் கொண்டுவந்த சட்டம், தோக்கியோவின் நடுப்பகுதியில் ஆலைகள் மட்டுமல்ல, பல்கலைக்கழக வகுப்பறைகளும் பெருகுவதைக் கட்டுப்படுத்தியது. இடம் போதாமல் அவோயாமா காகுயின் பல்கலைக்கழகம் 1982இல் கனகாவா மாகாணத்தின் அட்சுகியில் புது வளாகம் திறந்து, கலைப் பிரிவுகளின் முதல் இரண்டாண்டு மாணவர்களை அங்கே அனுப்பிவிட்டது. ஷிஞ்சுகுவிலிருந்து ஒரு மணி நேரம் ரயில், இறங்கி பஸ், பிறகு குன்று. அவோயாமா என்ற பெயருக்கு மயங்கிச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவர்கள் குன்றைப் பார்த்துக்கொண்டிருக்க, ஜூனியர் கல்லூரிப் பெண்களோ முதல் நாளிலிருந்தே ஷிபுயாவில். இலையுதிர்காலத்தில் முழு மஞ்சளாகும் கிங்கோ மரங்கள் வரிசையாக நிற்கும் பாதையிலும், டிசம்பரில் விளக்கேற்றப்படும் பெரிய தேவதாரு மரத்தடியிலும் தங்கள் இரண்டு ஆண்டுகளையும் முழுமையாகக் கழித்தார்கள். அவோயாமாவில் இருந்த காலத்தில் இரண்டே ஆண்டு படித்தவர் நான்காண்டு படித்தவருக்குக் குறைந்தவர் அல்லர் என்று சொல்லிச் சிரிக்கலாம். நான்காண்டு மாணவருக்கும் அங்கே கிடைத்தது அதே இரண்டு ஆண்டுதானே.

உச்சியில் இருக்கும்போதே அடித்தளம் அரிக்கத் தொடங்கியிருந்தது. 1985இல் நிறைவேறி 1986 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சம வேலைவாய்ப்புச் சட்டம் பல்லில்லாத சட்டம் என்று அன்றே விமர்சிக்கப்பட்டது. ஆளெடுப்பில் பாரபட்சம் காட்டாதிருக்க முயலவேண்டும் என்றுதான் சொன்னது, தடை செய்யவில்லை. தடை வந்தது 1997 திருத்தத்தில்தான். நிறுவனங்கள் சட்டத்தைச் சமாளிக்கக் கண்டுபிடித்தது இரட்டைத் தண்டவாளம். பதவி உயர்வும் இடமாற்றமும் உள்ள பாதை ஒன்று, உதவி எழுத்து வேலைக்கான பாதை ஒன்று. பெண்களில் பெரும்பாலோரை இரண்டாவதில் தள்ளிவிட்டார்கள். இருந்தாலும் முதல் பாதையின் கதவு ஒரு விரற்கடை திறந்துவிட்டது. அதில் நுழைய நான்காண்டுப் பட்டம் வேண்டும். மகளின் படிப்பைத் தீர்மானிக்கும் பெற்றோருக்கு அந்த விரற்கடை போதுமாயிருந்தது.

1990களின் தொடக்கத்தில் நிலவிலையும் பங்குவிலையும் சரிந்து பொருளாதாரக் குமிழி உடைந்தது. செலவைக் குறைக்கத் தேடிய நிறுவனங்கள் முதலில் கைவைத்தது இந்த இரண்டாவது தண்டவாளத்தில். மேசைக்கு மேசை கணினி வந்தபின் கணக்கேற்றத் தனி ஆள் எதற்கு? மிச்சமிருந்த வேலைக்கு ஒப்பந்த முகமைகள் ஆள் அனுப்பின. இரண்டாண்டுப் படிப்புக்கு ஈடாக நல்ல நிறுவனத்தில் நாற்காலி என்பது எழுதப்படாத ஒப்பந்தம். ஒரு தரப்பு அதைச் சத்தமில்லாமல் கிழித்துவிட்டது. என் பார்வையில் அவோயாமாவின் கல்லூரி மூடியது 2022இல் அல்ல, இங்கேதான். மீதிக் கால் நூற்றாண்டு, அந்தச் செய்தி கடைசி வகுப்பறைக்கு வந்துசேர எடுத்துக்கொண்ட நேரம்.

மறுதரப்பும் சும்மா இருக்கவில்லை. 1990இல் ஜப்பானியப் பெண்களில் பல்கலைக்கழகம் போனவர் 15 சதவீதம், ஜூனியர் கல்லூரி போனவர் 22 சதவீதம். 1996இல் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. பல்கலைக்கழகம் முந்தியது. அதே 1996இல்தான் ஜூனியர் கல்லூரிகளின் எண்ணிக்கை 598 என்ற உச்சத்தைத் தொட்டது. புதுக் கல்லூரி திறந்தவர்கள் அந்த ஆண்டின் புள்ளிவிவரத்தை ஒருமுறை பார்த்திருக்கலாம். 2020களின் நடுவில் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் பல்கலைக்கழகத்துக்கும், ஏழு சதவீதத்துக்கும் குறைவானோர் ஜூனியர் கல்லூரிக்கும் போகிறார்கள்.

அரசும் தன் பங்குக்கு உதவியது. 1970களின் முற்பகுதியில் பிறந்த பெருங்கூட்டம் கல்லூரி வாசலுக்கு வந்தபோது, நெரிசலைச் சமாளிக்கப் பல்கலைக்கழகங்களுக்குத் தற்காலிகக் கூடுதல் இடங்கள் கொடுத்தார்கள். கூட்டம் கடந்துபோன பின் அவற்றில் ஒரு பெரும் பகுதியை நிரந்தரமாக்கிவிட்டார்கள். 1991இல் பல்கலைக்கழக விதிகளும் தளர்ந்தன. பிள்ளைகள் குறைய, இடங்கள் கூட, முன்பு எட்டாத பல்கலைக்கழகங்கள் கைக்கெட்டின. வசதியுள்ள ஜூனியர் கல்லூரிகள் பல, பெயர்ப்பலகையை மாற்றி நான்காண்டுப் பல்கலைக்கழகமாகிவிட்டன. காகுஷுயின் மகளிர் ஜூனியர் கல்லூரி 1998இல் அப்படித்தான் நான்காண்டு மகளிர் கல்லூரியாக உருமாறியது. எண்ணிக்கையில் 'மறைந்த' கல்லூரிகளில் பல இப்படிக் கூடுபாய்ந்தவையே.

அவோயாமாவுக்கு அந்த வழியும் அடைபட்டிருந்தது. உயர்ந்து எங்கே போவது? மேலே இருக்கவேண்டிய நான்காண்டுப் பல்கலைக்கழகம் அதே நிர்வாகத்தின் கீழ், அதே வாசலுக்குள் இருக்கிறது. போட்டியாளர் சொந்த அண்ணன். போதாததற்கு, பெருநகரக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அட்சுகி வளாகத்தை விட்டு சகாமிஹாராவுக்கு வந்த பல்கலைக்கழகம், 2013இல் தன் கலைப் பிரிவு மாணவர்களை முதலாண்டிலிருந்தே அவோயாமாவுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டது. ஷிபுயாவில் முதல் நாளிலிருந்தே இருக்கலாம் என்ற பழைய கவர்ச்சியும் அதோடு போயிற்று. அதற்கு முந்திய ஆண்டுதான் ஜூனியர் கல்லூரி தன் பல துறைகளை ஒன்றாக்கி நவீனப் பொதுக்கல்வித் துறை என்று மறுசீரமைத்திருந்தது. துறைகளைச் சேர்ப்பது, பெயரை நவீனமாக்குவது எல்லாம் சேர்க்கை சரியும் கல்லூரிகள் எங்கும் செய்வதுதான். கடையில் வியாபாரம் படுத்தால் முதலில் பலகைக்கு வண்ணம் அடிப்பதில்லையா?

2019 முதல் புது மாணவியர் இல்லை என்ற அறிவிப்பு 2017இல் வந்தது. அதே 2019 ஏப்ரலில் அவோயாமா காகுயின் பல்கலைக்கழகம் சகாமிஹாராவில் சமூக மனித அறிவியல் என்ற புதிய பிரிவைத் திறந்தது.

ஜப்பானில் ஒரு கல்லூரி மூடும் விதமும் கவனிக்கத்தக்கது. பூட்டுப் போட்டுவிட்டு மாணவரை நடுத்தெருவில் விடமுடியாது. முதலில் 'சேர்க்கை நிறுத்தம்' என்று அறிவிப்பார்கள். பிறகு உள்ளே இருப்பவர்கள் படித்து முடியும்வரை காத்திருப்பார்கள். கடைசி மாணவரும் வெளியேறிய பின்னரே மூடலுக்கு அரசின் அனுமதி. ஒவ்வொரு ஆண்டும் ஒரு வரிசை காலியாகும். சீனியர் உண்டு, ஜூனியர் இல்லாத மாணவர் சங்கங்கள். வரவேற்க ஆளில்லாத ஏப்ரல் மாதம். ஏப்ரல் என்றாலே புது முகங்கள் என்று பழகிய நாட்டில் அது எப்படிப்பட்ட அமைதியாக இருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். அவோயாமாவில் கடைசிச் சேர்க்கைக்கும் முறையான மூடலுக்கும் இடையில் நான்கு ஆண்டுகள். நடுவில் கொரோனாவும் வந்துவிட்டது.

இந்தக் கல்லூரிகளை வெறும் மணப்பெண் தயாரிப்புக்கூடம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நான்காண்டுக்கு வீட்டில் காசும் சம்மதமும் கிடைக்காத லட்சக்கணக்கான பெண்களுக்கு இதுவே உயர்கல்வி. அவர்களுக்கு ஆங்கில இலக்கியமும் ஜப்பானியச் செவ்விலக்கியமும் கற்பித்தவர்கள் அரைகுறை ஆசிரியர்கள் அல்லர். ஆனால் படிப்புக்கு உரிய மதிப்பைச் சட்டம் தருவதற்குள் காலம் கடந்துவிட்டது. 1991 வரை ஜூனியர் கல்லூரியில் தேறியவருக்குப் பெயருக்குப் பின்னால் போட ஒரு பட்டம்கூட இல்லை. அந்த ஆண்டில் ஒரு பட்டப்பெயர் கொடுத்தார்கள். முறையான பட்டமாக அது உயர்ந்தது 2005இல். அதற்குள் கல்லூரிகளின் எண்ணிக்கை ஐந்நூறுக்கும் கீழே வந்திருந்தது.

அவோயாமா தனித்துப் போகவில்லை. தோக்கியோவின் சுகினாமி பகுதியில் 1967இல் தொடங்கிய ரிக்கியோ மகளிர் ஜூனியர் கல்லூரி 2018இல் சேர்க்கையை நிறுத்தி 2020இல் மூடியது. சோஃபியா பல்கலைக்கழகத்தின் ஹதானோ ஜூனியர் கல்லூரி 2025 முதல் யாரையும் சேர்ப்பதில்லை. இப்போது வரிசை நான்காண்டு மகளிர் பல்கலைக்கழகங்களை எட்டியிருக்கிறது. தோக்கியோவின் கெய்சென் பல்கலைக்கழகமும் கோபேயின் கைசெய் மகளிர் பல்கலைக்கழகமும் 2024 முதல் சேர்க்கை நிறுத்தம் அறிவித்தவை. அன்று மாணவியரை இழுத்துக்கொண்ட வாசலிலேயே இன்று கூட்டம் குறைகிறது. இந்த முறை பிள்ளைகள் இல்லை என்ற பதிலுக்கு முன்பைவிட வலு அதிகம்.

அவோயாமா வளாகத்தில் ஸ்கூன்மேக்கரின் பெயர் இன்னும் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பாலின ஆய்வு மையத்துக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

நாடு முழுவதும் முந்நூறுக்குச் சற்றுக் குறைவான ஜூனியர் கல்லூரிகள் எஞ்சியிருக்கின்றன. பெரும்பாலும் மாகாண ஊர்களில். அவற்றில் படிப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் குழந்தைகள் காப்பகத்திலோ மழலையர் பள்ளியிலோ ஆசிரியராகப் போகிறவர்கள். அங்கே ஒரு கல்லூரி சேர்க்கையை நிறுத்தினால், ஓரிரு ஆண்டில் பக்கத்து ஊர்க் காப்பகத்தில் ஆள் பற்றாக்குறை தெரியும். வீட்டிலிருந்து சைக்கிளில் போய் இரண்டு ஆண்டில் சான்றிதழ் வாங்கிவிட நினைக்கும் அந்தப் பெண்ணுக்கு, நான்காண்டு என்பது வேறு ஊரில் அறை, வாடகை, இரண்டு மடங்கு கட்டணம். சேர்க்கை நிறுத்த அறிவிப்பு இப்போது அவள் ஊர்க் கல்லூரிகளிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது.